நடுவானில் விமானம் பழுதானால் என்ன செய்வது? அமெலியா ஏர்ஹார்ட் கடந்த ஓர் இரவு

1932 மே 20. இன்று கனடாவின் பகுதியாக இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில், ஹார்பர் கிரேஸ் என்ற சின்ன ஊர். மாலை 7 மணி 12 நிமிடத்துக்கு ஒரு சிவப்பு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியது. ஒரே என்ஜின். உள்ளே ஒரே ஆள். எதிரே 3,000 கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல்.

ஓட்டியவர் அமெலியா ஏர்ஹார்ட். வயது 34. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே தேதியில்தான் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, தனியாளாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பாரிஸில் இறங்கியிருந்தார். அதற்குப் பிறகு தனியாகப் போய் வட அட்லாண்டிக்கைக் கடந்தவர் எவரும் இல்லை.

கிளம்பிய சில மணி நேரத்தில் உயரம் காட்டும் கருவி செத்துப்போனது. அடுத்து என்ஜினில் வெல்டிங் விட்டு நெருப்பு எட்டிப் பார்த்தது. பிறகு இறக்கையில் பனிக்கட்டி. விடியும் நேரத்தில் பெட்ரோல் கசிவு. ஒரே இரவில் நாலு பிரச்சினை. அத்தனைக்கும் நடுவில் அவர் எப்படிக் கரை சேர்ந்தார்? அப்படிப்பட்டவர், ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு கடலில் எப்படிக் காணாமல் போனார்? இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை புரியும்.

யார் இந்த அமெலியா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில் 1897 ஜூலை 24 அன்று பிறந்தார். அப்பா ரயில்வேக்கு வேலை பார்த்த வழக்கறிஞர். அவருக்குக் குடிப்பழக்கம் வந்து வேலை போனதால் குடும்பம் ஊர் ஊராக மாறியது. சிறுமியாக இருந்தபோதே கொட்டகைக் கூரையிலிருந்து பலகைகளைச் சாய்த்து, மரப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி விளையாடிய பிள்ளை அவர்.

முதல் உலகப் போரின்போது கனடாவின் டொரண்டோ நகரில், காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தார். 1918-ல் பரவிய கொள்ளைக் காய்ச்சலின்போது அவருக்கு சைனஸ் தொல்லை பிடித்தது. அது கடைசிவரை விடவில்லை.

1920 டிசம்பர் 28 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், அப்பா 10 டாலர் கட்டி அவரை ஒரு விமானத்தில் ஏற்றிவிட்டார். ஓட்டியவர் ஃபிராங்க் ஹாக்ஸ். மொத்தமே 10 நிமிடம்தான். இறங்கும்போதே, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று அமெலியா முடிவு செய்துவிட்டார்.

ஆனால் பயிற்சிக்குக் காசு? டெலிபோன் கம்பெனியில் வேலை, புகைப்பட வேலை, லாரி ஓட்டுவது என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1921-லேயே பழைய மஞ்சள் நிற விமானம் ஒன்றை வாங்கி, அதற்குக் கேனரி என்று பெயர் வைத்தார். 1922-ல் 14,000 அடி உயரம் பறந்து, பெண்களில் புதிய சாதனை படைத்தார். 1923-ல் சர்வதேச விமானி உரிமம் வந்தது.

பிறகு பணம் கரைந்தது. விமானத்தை விற்றார். பாஸ்டன் நகருக்குப் போய், டெனிசன் ஹவுஸ் என்ற நிலையத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

பயணியாகப் போனவருக்கு ஏன் இவ்வளவு புகழ்?

1928-ல் ஒரு வாய்ப்பு கதவைத் தட்டியது. அட்லாண்டிக்கை விமானத்தில் கடக்கும் முதல் பெண்ணாக ஒருவரை அனுப்ப ஏற்பாடு நடந்தது. ஜார்ஜ் புட்னம் என்ற பதிப்பாளர் அமெலியாவைத் தேர்ந்தெடுத்தார். ஜூன் 17, 18 தேதிகளில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வேல்ஸ் நாட்டின் பரி போர்ட் வரை 20 மணி 40 நிமிடப் பயணம்.

ஓட்டியது வில்மர் ஸ்டல்ட்ஸ். மெக்கானிக் லூயிஸ் கார்டன். அமெலியா ஒரு நிமிடம்கூட விமானத்தை ஓட்டவில்லை. ஆனால் ஊர் கொண்டாடியது அவரைத்தான். தான் மூட்டை மாதிரி உட்கார்ந்துதான் வந்தேன் என்பதை அவர் மறைக்கவே இல்லை. கிடைத்த மாலைக்கு இன்னும் உழைக்கவில்லை என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1931-ல் புட்னமையே மணந்துகொண்டார். அடுத்த ஆண்டு, அதே கடலைத் தானே ஓட்டிக் கடப்பது என்று முடிவெடுத்தார்.

அதற்கான விமானம் லாக்ஹீட் வேகா 5பி. உடல் முழுக்க ஒட்டுப்பலகை. ஆமாம், மரம்தான். 1930-ல் ஒருமுறை தலைகுப்புறக் கவிழ்ந்து, உடற்பகுதி மாற்றப்பட்ட விமானம் அது. பெர்ன்ட் பால்சன் என்ற நார்வே நாட்டு விமானி மேற்பார்வையில் அதைத் தயார் செய்தார்கள். சக்தி கூடிய புதிய என்ஜின், சுமார் 1,600 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் கூடுதல் டாங்குகள், மூன்று விதமான திசைகாட்டிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியையும் அமெலியா விடாமல் செய்தார். அந்தப் பயிற்சிதான் பிறகு உயிரைக் காப்பாற்றியது.

முதல் பழுது: எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்?

முதல் சில மணி நேரம் நிம்மதி. நிலா வந்தது. சுமார் 12,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஆல்டிமீட்டரின் முள்கள் சும்மா சுற்ற ஆரம்பித்தன. அவ்வளவுதான், கருவி போச்சு. 12 ஆண்டு விமான அனுபவத்தில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை.

ஆல்டிமீட்டர் என்பது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்லும் கருவி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பதுதான் அதன் கணக்கு. பகலில் அது இல்லாவிட்டாலும் கண்ணால் ஓரளவு சமாளிக்கலாம். இருட்டில், மேகத்துக்குள், கடலுக்கு மேலே? தண்ணீர் பத்தாயிரம் அடி கீழே இருக்கிறதா, நூறு அடி கீழே இருக்கிறதா என்றே தெரியாது.

இரண்டாவது பழுது: கண்ணெதிரே நெருப்பு

இரவு பதினொன்றரை மணிவாக்கில் நிலா மேகத்துக்குள் போனது. மின்னலும் காற்றும் சேர்ந்து விமானத்தை உலுக்கின. அந்த நேரத்தில்தான் என்ஜின் பக்கமிருந்து நீல நிறத்தில் ஒரு தீ நாக்கு தெரிந்தது.

என்ன ஆச்சு? என்ஜினில் எரிந்து முடிந்த சூடான வாயுவைச் சேகரித்து வெளியே தள்ளும் குழாய் வளையம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் என்ஜினையும் சைலன்ஸரையும் இணைக்கும் குழாய்க்குச் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வெல்டிங் விட்டுப்போயிருந்தது. பிளவு வழியாக நெருப்பு வெளியே வந்தது. பின்னால் இருப்பது மரத்தாலான விமானம். சுற்றிலும் டாங்குகளில் பெட்ரோல்.

திரும்பிப் போய்விடலாமா? யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அமெலியாவும் யோசித்தார். ஆனால் ஹார்பர் கிரேஸ் ஓடுபாதையில் விளக்கு கிடையாது. இருட்டில் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். கண்டுபிடித்தாலும், டாங்குகளில் இன்னும் பெட்ரோல் நிறைந்திருந்தது. அத்தனை பாரத்தோடு, உயரமும் தெரியாமல் இருட்டில் இறக்கினால், வண்டி உடைந்து தீப்பிடிக்கும் வாய்ப்புதான் அதிகம். குழாயின் உலோகமோ கனமானது. பிளவு பெரிதாகும், ஆனால் சில மணி நேரம் தாங்கலாம். முன்னால் போவதில் ஆபத்து இருந்தது. திரும்புவதிலும் அதே அளவு ஆபத்து இருந்தது. அவர் முன்னால் போனார்.

அசட்டுத் துணிச்சலில் எடுத்த முடிவு அல்ல இது. எந்தப் பழுது இப்போதே கொல்லும், எது பொறுக்கும் என்று தரம் பிரித்துப் பார்த்த முடிவு.

மூன்றாவது: கொன்றே விட்டிருக்கக்கூடிய பனி

புயலுக்கு மேலே போய்விடலாம் என்று விமானத்தை ஏற்றினார். அரைமணி நேரம் ஏறியதும் விமானம் மந்தமானது. கண்ணாடியில் ஈரம் உறைந்தது. என்ஜின் சுற்றுக்களைக் காட்டும் மீட்டர் பனியில் மாட்டிக் கண்டபடி சுற்றியது. இறக்கைகளில் பனிக்கட்டி படிந்துவிட்டது என்று புரிந்தது.

இறக்கையில் பனி ஏறினால் எடை கூடும் என்பது மட்டும் பிரச்சினை அல்ல. இறக்கையின் வளைவு கெட்டுப்போகும். காற்று அதன்மேல் ஒழுங்காக வழிந்தோடாது. விமானத்தைத் தூக்கி நிறுத்தும் விசை குறையும். ஒரு கட்டத்தில் விமானம் சுழன்றுகொண்டே விழும். ஸ்பின் என்று விமானிகள் சொல்வது இதைத்தான்.

வேகா சுழன்று விழுந்தது. சுமார் 3,000 அடி. எவ்வளவு நேரம் விழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கீழே இருந்த வெப்பமான காற்றில் பனி உருகியதும் விமானம் பிடிக்குள் வந்தது. நிமிர்த்திச் சமன்செய்தபோது, கீழே அலைகளின் வெள்ளை நுரை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் கடல்.

இப்போது அவருக்கு இரண்டு எல்லைகள் கிடைத்துவிட்டன. ரொம்ப மேலே போனால் பனி. ரொம்பக் கீழே போனால் கடல். ஆல்டிமீட்டர் இல்லாத விமானத்தில் இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பனி கட்டினால் கொஞ்சம் இறங்குவார். அலை தெரிகிற அளவு தாழ்ந்துவிட்டால் கொஞ்சம் ஏறுவார். நடுவில் ஒரு பாதை பிடித்து, திசைகாட்டியை விடாமல் பார்த்துக்கொண்டு, விடிய விடிய ஓட்டினார். எரிகிற குழாயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயன் இல்லை. அதை அவரால் சரிசெய்ய முடியாது. விமானத்தை நேராக வைத்திருக்க மட்டும்தான் முடியும்.

நான்காவது பழுதும், ஒரு மாட்டு மேய்ச்சல் நிலமும்

விடிந்தது. கையிருப்பு டாங்குகளைத் திறந்தபோது, தலைக்கு மேலிருந்த பெட்ரோல் மீட்டர் கசிவது தெரிந்தது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாக அவர் கழுத்தில் இறங்கியது. அறைக்குள் பெட்ரோல் ஆவி. முன்னால் நெருப்பு. குழாயின் பிளவு இதற்குள் பெரிதாகி, விமானமே மோசமாக அதிர ஆரம்பித்திருந்தது.

இரவில் பொறுக்கும் என்று ஒதுக்கிவைத்த பழுது இப்போது பொறுக்காது. அவர் கணக்கை மாற்றினார். பாரிஸ் வேண்டாம். எந்த நிலம் முதலில் வருகிறதோ, அங்கே இறங்கிவிட வேண்டும். புகழுக்காகப் பறந்த பயணத்தில், குறித்துவைத்த ஊரைக் கைவிடுவது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அவர் தயங்கவில்லை.

அயர்லாந்தின் கரை தெரிந்தது. மலைகளின் மேல் இடிமழை. உயரம் தெரியாமல் அந்த மேகத்துக்குள் நுழைந்தால் மலையில் மோத வேண்டியதுதான். வானம் தெளிவாக இருந்த வடக்குப் பக்கம் திருப்பினார். ஒரு ரயில் பாதை கண்ணில் பட்டது. அதைப் பிடித்துப் போனால் ஊர் வரும், ஊரில் விமானத் தளம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். ஊர் வந்தது, அது லண்டன்டெரி. தளம்தான் இல்லை. பக்கத்தில் கல்மோர் என்ற இடத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தைத் தேர்ந்தெடுத்து, மாடுகள் மிரண்டு ஓட, பத்திரமாக இறக்கினார்.

மொத்தம் 14 மணி 56 நிமிடம். சுமார் 3,260 கிலோமீட்டர். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண். ஆண், பெண் இருவரையும் சேர்த்தால், வட அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த இரண்டாவது ஆள். அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்குச் சிறப்பு விமானப் பதக்கம் வழங்கியது. ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அந்தச் சிவப்பு வேகாவை இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இன்றைய விமானிகளுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

சிறிய விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு, பழுது என்று வந்தால் மூன்று வேலைகளை வரிசையாகச் சொல்லித் தருவார்கள். முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும். இரண்டாவது, எங்கே போவது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாகத்தான் வானொலியில் பேச வேண்டும். வரிசை மாறக்கூடாது.

உதாரணமாக, ஒற்றை என்ஜின் விமானத்தில் என்ஜின் நின்றுவிட்டால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாது. மூக்கைச் சரியான கோணத்தில் தாழ்த்தி, உரிய வேகத்தைக் காப்பாற்றினால், மிதந்தபடி இறங்கும். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 மாதிரி விமானம், ஆயிரம் அடி உயரத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் வரை அப்படிப் போகும். அந்த அவகாசத்தில் இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பெட்ரோல் வால்வு, பற்றவைப்பு சுவிட்சு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, என்ஜினைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் மூக்கை மேலே தூக்கினால்தான் ஆபத்து. வேகம் குறைந்து, விமானம் நிலைகுலையும்.

அமெலியா அன்றிரவு செய்ததும் இந்த வரிசையைத்தான். முதல் இரண்டு வேலைகளை அவர் பிசகாமல் செய்தார். மூன்றாவது வேலை, அதாவது வானொலி, 1937-ல் அவருக்கு எமனாக வந்தது.

கடைசிப் பயணத்தில் என்ன நடந்தது?

1935 ஜனவரியில் ஹவாயிலிருந்து கலிஃபோர்னியா வரை தனியாகப் பறந்தார். அடுத்து, நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவரும் திட்டம். விமானம், இரண்டு என்ஜின் கொண்ட லாக்ஹீட் எலக்ட்ரா. 1937 மார்ச்சில் முதல் முயற்சி, ஹவாயில் ஓடுபாதையிலேயே விமானம் சறுக்கி உடைந்ததால் நின்றது. பழுது பார்த்து, ஜூன் 1 அன்று மயாமியிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினார். வழிகாட்டி ஃபிரெட் நூனன் உடன் போனார்.

ஆப்பிரிக்காவைக் கடந்து கராச்சி வந்தார்கள். ஜூன் 17 அன்று கல்கத்தா. பருவமழையில் ஊறிக் கிடந்த டம்டம் தளத்திலிருந்து சிரமப்பட்டு எழும்பினார்கள். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கருவிகளைப் பழுது பார்க்கச் சில நாள்கள் நின்றார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வினில் வானொலித் திசைகாட்டியின் ஃபியூஸ் போயிருந்தது தெரிந்து, புதிது மாற்றப்பட்டது.

ஜூன் 29 அன்று நியூ கினியாவின் லே நகரை அடைந்தார்கள். அடுத்த இலக்கு ஹவ்லண்ட் தீவு. 4,100 கிலோமீட்டர் தாண்டி, பசிபிக் நடுவில் இருக்கும் மணல் திட்டு அது. நீளம் சுமார் இரண்டு கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். வானொலி அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் கடைசிக் கட்டத்தில் நெருங்க முடியும். உதவிக்கு இடாஸ்கா என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் தீவுக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

ஜூலை 1 அன்று லேயில் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. அப்போது திசைகாட்டும் வானொலியால் திசை பிடிக்க முடியவில்லை. நிலையம் ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் அப்படி ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மோர்ஸ் குறியீட்டில் அமெலியாவும் நூனனும் தேர்ந்தவர்கள் அல்ல. நீளமான வால் ஆன்டெனாவும் விமானத்தில் இல்லை.

மறுநாள் காலை கிளம்பினார்கள். இருபது மணி நேரம் கழித்து, அமெலியாவின் குரல் இடாஸ்காவில் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. பெட்ரோல் குறைகிறது, தீவு தெரியவில்லை, கப்பலின் குரல் கேட்கவில்லை என்று அவர் தெரிவித்தார். கப்பல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அவருக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை. ஒரே ஒருமுறை, அவர் கேட்டுக்கொண்ட அலைவரிசையில் கப்பலின் மோர்ஸ் ஒலி எட்டியது. ஆனால் அவருடைய திசைகாட்டி பிடிக்கக்கூடிய அளவைவிட அந்த அலைவரிசை மிக அதிகம். ஒலி கேட்டது, திசை கிடைக்கவில்லை. காலை 8 மணி 43 நிமிடத்துக்குப் பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

கப்பல்களும் விமானங்களும் பல நாள் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய நாற்பதாவது பிறந்த நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. 1939 ஜனவரி 5 அன்று அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இரண்டு பயணங்களுக்கும் என்ன வித்தியாசம்?

1932-ல் வந்த பழுதுகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. நெருப்பு தெரிந்தது. பனி தெரிந்தது. பெட்ரோல் கழுத்தில் சொட்டியது. ஒவ்வொன்றும் தன் அவசரத்தைத் தானே சொன்னது. அமெலியா அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டார்.

1937-ல் வந்தது சத்தம் போடாத குறை. என்ஜின்கள் நன்றாக ஓடின. இறக்கைகளில் கோளாறு இல்லை. திசை பிடிக்காத வானொலியோடும் விமானம் இருபது மணி நேரம் அழகாகப் பறக்கும். கடைசி அரைமணி நேரத்தில்தான் அது இல்லாத குறை தெரியும். அப்போது கீழே மேய்ச்சல் நிலம் கிடையாது, பின்தொடர ரயில் பாதையும் கிடையாது.

அந்தக் குறை முந்தின நாளே, லேயின் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே, ஒருமுறை தலைகாட்டியிருந்தது. பாண்டுங்கில் கருவிகளுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர், லேயில் வானொலிக்காக இன்னும் ஒருநாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, 1937 முதல் விமானிகள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.